அடியார் காலமும் ஆராய்ச்சி மாணவனும்

சரித்திரத்தைக் கற்பதற்கும் சரித்திரத்தை ஆராய்வதற்கும் உள்ள வேறுபாடு, முதுகலைப் படிப்பிற் சேருகின்ற மாணவர்களுக்கு உடனே விளங்கிவிடுவதில்லை. வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்டு, பிறர் ஆராய்ந்து கண்ட முடிவுகளைத் தெளிவாக எடுத்தெழுதித் தேர்வில் தேறுகிறவன் அம்முடிவுகளுக்குத் தான் பொறுப்பாளியாவதில்லை. பிழை இருந்தால் அது நூலாசிரியரைச் சேரும். முன்னாளில் எம்.லிட். என்றும் பின்னாளில் எம்.ஃபில். என்றும் பெயர் பெற்று விளங்கிய ஆராய்ச்சிப் படிப்போ, ஒருவனை ஒரு சிறு கேள்வியோடு மூலச் சான்றுகளின் முன்னே கொண்டுபோய்த் தனியே நிறுத்தி, நீயே கண்டு நீயே சொல் என்கிறது. அவன் எழுதி முடித்த ஆய்வேட்டின் முதற்பக்கங்களில் ஓர் உறுதிமொழி இடம்பெறும். இது என் சொந்த உழைப்பில் விளைந்தது, வேறெந்தப் பட்டத்திற்கும் அளிக்கப்படாதது என்று கூறி அவன் அதிற் கையொப்பமிடுகிறான். ஏட்டைக் கட்டடம் செய்யக் கொடுக்கும் அவசரத்தில் பலரும் அதை ஒரு சடங்காகவே முடித்துவிடுகிறார்கள். எனக்கோ அந்தப் பக்கம் ஒரு சங்கற்பத்தின் தன்மையுடையதாகவே தோன்றுகிறது. ஏனெனில், என்றோ மறைந்து, தம்மைப் பற்றிச் சொல்லப்படுவதை மறுக்கவோ திருத்தவோ இயலாதவராகிவிட்ட ஒரு மனிதரைக் குறித்த செய்தி, அக்கணமுதல் இந்த மாணவன் ஒருவனுடைய வாக்கை நம்பி உலகில் உலவத் தொடங்குகிறது.

அந்த மனிதர், மாணவன் நாள்தோறும் கைகூப்பித் தொழுகின்ற ஓர் அடியாராகவே இருந்துவிட்டால் அவன் என் செய்வான் என்பதே நான் இங்கே எடுத்துக்கொண்ட விசாரம். இது வெறுங் கற்பனையிற் பிறந்த சங்கடமன்று. திருமுறை ஒலிக்கும் வீட்டிற் பிறந்தவன் நாயன்மார் காலத்தையும், திவ்விய பிரபந்தம் கேட்டு வளர்ந்தவள் ஆழ்வார்களின் சரிதத்தையும், கிறிஸ்தவ இளைஞன் தரங்கம்பாடி மிஷனின் தொடக்கத்தையும், முஸ்லிம் மாணவன் நாகூர் தர்காவின் பழமையையும் ஆய்வுப் பொருளாகக் கொள்வது நம் கல்லூரிகளில் இயல்பாக நடைபெறுவதே. இவர்களை வீட்டிலுள்ள பெரியவர்கள், மகான்களுக்குக் காலம் கேட்கலாமா என்று மனம் நொந்து வினவுகிறார்கள். பல்கலைக்கழகத்திலோ, நம்பிக்கையைப் பாதரட்சையோடு வாசலிலே விட்டுவிட்டு உள்ளே வா என்று பணிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எதிரெதிரே நிற்பவர்களாகத் தோன்றும் இவ்விரு சாராரும், பக்தியும் பிரமாணமும் ஒன்றுக்கொன்று பகை என்ற ஒரே கருத்தைத்தான் இரண்டு பக்கங்களில் நின்று சொல்லுகிறார்கள். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. சான்று செல்லும் தூரம் மட்டும் சென்று, அது நின்ற இடத்தில் தானும் நிற்கப் பழகுகின்ற மாணவன், தன் சமயம் அவனிடம் எதிர்பார்க்கும் சாதனைகளுள் ஒன்றையே செய்கிறான் என்பது என் துணிபு.

சென்ற காலம் கண்ணாற் காணத்தக்கதன்று. ஆராய்ச்சியாளன் காண்பது இன்று நம் முன் இருக்கும் கல்லையும் செப்பேட்டையும் ஓலையையுமே; அவற்றைக் கொண்டு இறந்த காலத்தை ஊகிக்கும்போது அவன் அனுமானத்தையும், அவற்றில் எழுதியிருப்பதை நம்பும்போது சப்தத்தையும் கைக்கொள்கிறான். இவ்விரண்டையும் எந்நிலையில் கொள்ளலாம், எந்நிலையில் தள்ள வேண்டும் என்ற ஆராய்ச்சியை நம் முன்னோர் சமயத்தின் முதற்பாடமாகவே வைத்திருந்தார்கள். மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை, கடவுளைப் பற்றிய வாதங்களுக்குள் நுழையுமுன், வேதவியாதன் பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என்று அளவைகளை எண்ணிக்கொண்டுதான் தொடங்குகிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், பிறர் விரித்துரைத்த அளவைகளையெல்லாம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்கிக் காட்டிய பின்னரே பொருளாராய்ச்சியிற் புகுகிறார். எதை அறிகிறோம் என்பதற்கு முன் எதனால் அறிகிறோம் என்று கேட்ட இந்த ஒழுங்கைவிடச் சரித்திர மாணவனுக்கு வேண்டிய ஒழுங்கு வேறில்லை.

மணிமேகலை எண்ணும் அளவைகளுள் ஐதிகம் என்பதும் ஒன்று. ஒரு மரத்தில் பேய் உறைகிறது என்று ஊரார் வழிவழியாகச் சொல்லிவருவதைக் கேட்டு அதை உண்மையென்று தெளிவதே அதற்கு அந்நூல் காட்டும் உதாரணம். நியாய நூலார் ஐதிகத்தைத் தனிப் பிரமாணமாக எண்ணாமல் சப்தத்திலே சேர்த்தனர். சப்தமாவது ஆப்தனுடைய வாக்கு. ஆப்தன் யாரென்னும் வினாவுக்கு வாத்ஸ்யாயனர் தம் பாஷ்யத்தில் கூறும் விடையின் சாரம் இது: பொருளைத் தானே நேரில் உணர்ந்து, உணர்ந்தபடியே பிறருக்கு அறிவிக்க வேண்டுமென்ற விருப்பத்தால் பேசுகிறவன். இவ்விலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொதுவானது என்றும் அவர் சேர்த்துச் சொல்லுகிறார். வைதிக மரபில் நின்ற ஒருவர், உண்மை சொல்லும் தகுதியைச் சமயத்துக்கோ குலத்துக்கோ உரிமையாக்காமல், கண்டவன் என்பதற்கும் கண்டபடி சொல்லுகிறவன் என்பதற்குமே உரிமையாக்கியதை எண்ணும்தோறும் எனக்கு அவரிடம் மதிப்பு மிகுகிறது. இந்தச் செய்தியை முதலிற் கூறியவர் யார், அவர் அதைக் கண்டவரா, கண்டபடி சொல்ல விரும்பியவரா அல்லது தம் அரசனையோ மடத்தையோ உயர்த்த விரும்பியவரா என்று இன்று ஆய்வு நெறியாளர் தம் மாணவனைத் துளைத்துக் கேட்கும் கேள்விகள் எல்லாம் இந்த இலக்கணத்துள் அடங்குவன.

இனி ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். சிவாலயத்தின் திருச்சுற்றில் அறுபத்து மூவர் வரிசையாக நிற்பதைக் கண்டு வணங்காத சைவர் இல்லை. அந்த வரிசையில் அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் இருக்கிறார்கள், மாணிக்கவாசகர் இல்லை. நால்வர் என்று சேர்த்தெண்ணும்போது அவர் இருக்கிறார். எட்டாந் திருமுறை முழுவதும் அவருடைய வாக்காக இருக்கிறது. அறுபத்து மூவருள் மட்டும் அவர் இல்லை. காரணம் யாவரும் அறிந்ததே: அந்த வரிசைக்கு மூலம் சுந்தரர் திருவாரூரிற் பாடியருளிய திருத்தொண்டத்தொகை. அதை நம்பியாண்டார் நம்பி அந்தாதியாக வகுத்தும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணமாக விரித்தும் பாடினர். சுந்தரர் மாணிக்கவாசகரைத் தனியே பெயர் சொல்லிப் பாடவில்லை. அப்படியானால் மாணிக்கவாசகர் சுந்தரருக்குப் பிற்பட்டவரா என்பது கேள்வி. ஆராய்ச்சிப் படிப்பிற்கு இதனினும் தக்க பொருள் கிடைப்பது அரிது. ஏனென்றால், சொல்லப்பட்ட சொல்லைப் போலவே சொல்லப்படாத சொல்லுக்கும் எவ்வளவு எடை உண்டு என்பதை மாணவன் இங்கே நிறுத்துப் பார்த்தாக வேண்டும்.

மௌனம் சான்றாகுமா? மீமாம்சகருள் குமாரில பட்டர் அனுபலப்தி என்ற ஒன்றை ஆறாவது பிரமாணமாகக் கொண்டார்; பிரபாகரர் அதை மறுத்தார்; அத்வைதிகள் குமாரிலரைப் பின்பற்றி ஏற்றனர். சோழ நாட்டவரான தர்மராஜ அத்வரீந்திரர் தம் வேதாந்த பரிபாஷையில் இதனைப் பிற அளவைகளோடு ஒருங்கு வைத்து விளக்கியிருக்கிறார். வெளிச்சமுள்ள அறையில் தரையைப் பார்த்துக் குடம் தென்படாவிட்டால் குடம் இல்லையென்று அறிகிறோம். இருட்டறையில் குடம் தென்படாவிட்டால் ஒன்றும் அறிந்தவர்களாகமாட்டோம். இருந்திருந்தால் கண்டிருப்போம் என்று சொல்லத்தக்க இடத்தில் காணாமையே பிரமாணம். இதற்கு யோக்கியானுபலப்தி என்று பெயர். மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் மௌனத்தைச் சான்றாக்கும் வாதத்திற்கு எந்த நிபந்தனையை விதிக்கிறார்களோ, அதே நிபந்தனையை நம் ஆசிரியர்கள் ஒரு குடத்தை வைத்துக்கொண்டு கூறிமுடித்துவிட்டார்கள்.

சுந்தரரின் மௌனம் வெளிச்சத்திலா, இருட்டிலா? அவர் தம் தொகையைத் தில்லைவாழ் அந்தணர்களிலிருந்தே தொடங்குகிறார். மாணிக்கவாசகரோ தில்லையோடு பிரிக்க இயலாதபடி பிணைந்தவர். திருமூலரையும் காரைக்காலம்மையாரையும் தமக்கு முற்பட்ட அப்பரையும் சம்பந்தரையும் மறவாதவர், திருவாசகத்தை அருளியவரை அறிந்திருந்தால் பாடாமல் விட்டிருப்பாரா? இது வலுவான வாதம். ஆயினும் மறுதலைக்கு வழியில்லாமலில்லை. பொய்யடிமை இல்லாத புலவர் என்று தொகையடியாரைச் சுட்டுமிடத்தில் மாணிக்கவாசகரே குறிக்கப்பட்டார் என்று கொண்டவர்கள் உண்டு. அத்தொடர் சங்கப் புலவர்களைக் குறித்தது என்று நம்பியாண்டார் நம்பி கொண்டார். அப்பர் பாடலொன்றில் நரியைக் குதிரையாக்கிய செயல் பேசப்படுவதால், மாணிக்கவாசகர் அப்பருக்கும் முற்பட்டவர் என்று வாதிப்பவர்களும் உளர். ஆனால் அந்தத் திருவிளையாடல், மாணிக்கவாசகரோடு இணைக்கப்படுமுன்னரே இறைவன் செயலாக வழங்கியிருக்கக் கூடாதா என்ற ஐயம் எழுகிறது. திருவாசகத்திலும் அது இறைவனுடைய அருட்செயல்களுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறதேயன்றி, பிற்காலப் புராணம் விரிக்கும் முழுக் கதையும் அங்கே காணப்படவில்லை. திருவாசகத்தில் மாயாவாதம் கண்டிக்கப்படுவதால் ஆசிரியர் சங்கரருக்குப் பிற்பட்டவர் என்று ஒரு சாரார் கூற, மாயை பற்றிய கொள்கை சங்கரருக்கு முன்னும் இருந்ததே என்று மற்றொரு சாரார் விடையிறுப்பர். இவ்வாதங்களில் ஒவ்வொன்றும் தனித்து நின்று வழக்கை முடிக்கும் வலிமை உடையதன்று.

திருக்கோவையாரிலுள்ள ஒரு குறிப்பு இவற்றினும் உறுதியானது. தில்லையைப் போற்றிய வரகுணன் என்ற பாண்டியன் அந்நூலில் பெயர் சுட்டப்படுகிறான். கல்வெட்டும் செப்பேடும் காட்டும் பாண்டியர் வரிசையில் அப்பெயர் பூண்டவர் இருவர். முன்னவன் எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்டவன். பின்னவன் ஆட்சிக்கு வந்த ஆண்டு 862 என்று வரையறுத்துச் சொல்ல முடிகிறது. அதைச் சொல்ல நமக்கு உதவும் கல்வெட்டு எங்கிருக்கிறது என்பதை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பழனியை அடுத்த ஐவர்மலையில், ஒரு சமண முனிவர் பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியின் உருவத்தையும் புதுப்பித்து, நிவந்தமாகப் பொன் அளித்த செய்தியைப் பொறித்த கல்வெட்டு அது. சக ஆண்டு 792-ஐ, அதாவது கி.பி. 870-ஐ, வரகுணனது எட்டாம் ஆட்சியாண்டோடு பொருத்தி அது கூறுகிறது. சைவப் பெருந்தகை ஒருவரின் காலத்தை அறிய, சைவம் வாதிட்டு வெல்ல முயன்ற சமயத்தைச் சார்ந்த துறவி ஒருவரின் வாக்கு நமக்கு ஆப்த வாக்காக அமைகிறது. அவர் தம் தெய்வத்துக்குச் செய்த தொண்டைக் குறித்துவைத்தாரேயன்றி, நமக்கு உதவ வேண்டுமென்று எண்ணியவரல்லர்; அதனாலேயே அவர் வாக்கில் நமக்கு ஐயம் குறைகிறது. வாத்ஸ்யாயனர் ஆப்தனுக்குச் சமய வரம்பு விதிக்காததன் பயனை இங்கே கண்கூடாகக் காண்கிறோம்.

நம்பியாண்டார் நம்பி தம் கோயில் திருப்பண்ணியர் விருத்தத்தில் திருவாதவூரராகிய மாணிக்கவாசகரையும் அவர் அருளிய கோவையையும் குறிப்பிடுவதால், கீழெல்லை நம்பியின் காலத்தோடு நின்றுவிடுகிறது. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்க்கையில், மாணிக்கவாசகர் ஒன்பதாம் நூற்றாண்டினர் என்னும் கொள்கையே எனக்கு வலுவுடையதாகத் தோன்றுகிறது. வலுவுடையது என்றேனேயன்றி முடிந்த முடிபு என்றேனல்லேன். இவ்விரு சொற்களுக்கும் இடையேயுள்ள தூரத்தை ஒரு மாணவன் உணர்ந்துகொள்வதற்காகவே ஓராண்டையோ இரண்டாண்டையோ அவன் நூலகத்திற் கழிக்கிறான். மறைமலையடிகள் 1930-இல் வெளியிட்ட மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் என்ற பெருநூலில் மாணிக்கவாசகரின் காலம் கி.பி. மூன்றாம் நூற்றாண்டு என்று நிலைநாட்ட முயன்றார். அவர் முடிவை நான் ஏற்கவில்லை. எனினும், தம் முடிவை மறுப்பவனும் எடுத்தாளத்தக்க விரிவோடு இலக்கியச் சான்றுகளைத் திரட்டி வைத்த அவருடைய புலமைக்கு இத்துறையில் இறங்கும் ஒவ்வொருவரும் கடமைப்பட்டவர்கள். அந்நூலைப் படியாமலே அதைத் தள்ளிவிட்டு எழுதப்படும் ஆய்வேடுகளைக் காணும்போது எனக்கு வருத்தம் உண்டாகிறது.

இங்கே சமய விசாரத்தின் மையத்துக்கு வந்துவிட்டோம். மூன்றாம் நூற்றாண்டு என்றால் மகிழ்கின்ற உள்ளம், ஒன்பதாம் நூற்றாண்டு என்றால் ஏன் சுருங்குகிறது? திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவடிவாய் வந்து ஆட்கொண்டவன் காலங்கடந்தவன் என்பது சைவர் கொள்கை. காலங்கடந்தவனுடைய அருள் அறுநூறு ஆண்டுகள் பிந்தி வந்தால் குறைவுபட்டதாகுமா? திருவாசகம் உருக்குகின்ற உருக்கம் அதன் வயதைப் பொறுத்ததா? ஆகவே, பழமையை விரும்பி நிற்பது பக்தியன்று. என் சமயம், என் மொழி, என் நாடு என்னும் அபிமானமே பக்தியின் வேடம் புனைந்து நிற்கிறது. அபிமானம் இழிவானது என்று நான் சொல்லவில்லை. அதுவே பலரை இத்துறைக்கு அழைத்து வந்தது, உழைக்கவும் வைத்தது. ஆனால் சைவ சித்தாந்தம் ஆணவம் என்று பெயரிட்டு, உயிரின் அறிவை மறைக்கும் மூலமலம் என்று சொன்னதன் சாயல் இதிலும் படிந்திருக்கிறது. தான் விரும்பிய முடிவே வர வேண்டுமென்ற ஆசையோடு கல்வெட்டின் முன் நிற்பவனுக்குக் கல்வெட்டில் உள்ளது தெரியாது. தன் ஆசைதான் தெரியும். கீதை பலனில் பற்றில்லாமற் செய்யச் சொன்ன கர்மத்தை ஓர் ஆராய்ச்சி மாணவனுக்கு உரைத்துக் காட்ட வேண்டுமானால், அவன் துறக்க வேண்டிய பலன் பட்டமோ உத்தியோகமோ அன்று, தான் முன்கூட்டியே ஆசைப்பட்டுவிட்ட முடிவு என்றே நான் சொல்லுவேன். பகுத்தறிவாளன் என்று பெயரெடுக்க வேண்டி, எல்லா அடியாரையும் எவ்வளவு பிற்காலத்துக்கு இழுக்கலாம் என்று பார்க்கிறவனும் இதே பற்றில் கட்டுண்டவனே. அவனுடைய பற்றுக்குப் பெயர் வேறு, அவ்வளவுதான்.

அடியார் சரிதத்தைச் சான்றுகொண்டு சோதிக்கும் முறை நாத்திகரிடத்தில் பிறந்ததென்று எண்ணுகிறவர்கள் ஐரோப்பியத் துறவியர் வரலாற்றைப் படித்துப் பார்க்க வேண்டும். ஆண்ட்வெர்ப் நகரில், ஜான் பொல்லாண்ட் என்னும் ஏசு சபைத் துறவியும் அவர் வழிவந்தவர்களும் கத்தோலிக்கப் புனிதர் அனைவருடைய சரிதங்களையும் மூல ஏடுகளைக் கொண்டு ஒப்புநோக்கிப் பதிப்பிக்க முற்பட்டு, 1643-இல் முதற்பகுதியை வெளியிட்டார்கள். புனிதர்களை வணங்கியவர்களே, அவர்களைப் பற்றிப் புனையப்பட்டவற்றைக் களைந்தெறியத் துணிந்தார்கள். அவ்வழியில் வந்த டேனியல் பாப்பெப்ரோக், கார்மல் சபையை எலியா தீர்க்கதரிசியே நிறுவினார் என்ற மரபுரைக்குச் சான்றில்லை என்று எழுதியபோது, சபையார் சினங்கொண்டு முறையிட, ஸ்பெயின் நாட்டுச் சமய விசாரணை மன்றம் 1695-இல் அப்பதிப்புகளைக் கண்டித்துத் தடைசெய்தது. தடை நீங்கியது 1715-இல். பாப்பெப்ரோக் அந்நாளைக் காணாமலே மறைந்தார்.

அதே பாப்பெப்ரோக்கின் வாழ்வில் மற்றொரு நிகழ்ச்சி உண்டு; அதையே நான் பெரிதாக மதிக்கிறேன். 1675-இல் அவர், பழைய மடங்கள் வைத்திருந்த சாசனங்களிற் பல போலியானவை என்று எழுதினார். பிரான்சிலுள்ள செயின்ட் டெனிஸ் மடத்தின் சாசனங்களும் அந்தச் சந்தேகத்துக்கு உள்ளாயின. பெனடிக்ட் சபைத் துறவியான ழான் மபியோன், சினந்து மறுப்பெழுதாமல், ஆறாண்டுகள் உழைத்து, எழுத்தின் வடிவம், மை, முத்திரை, நடை, தேதியிடும் முறை ஆகியவற்றைக் கொண்டு மெய்ச் சாசனத்தைப் பொய்ச் சாசனத்திலிருந்து பிரித்தறியும் விதிகளை வகுத்து 1681-இல் ஒரு நூல் வெளியிட்டார். சாசனவியல் என்னும் துறைக்கு அதுவே அடித்தளம். அதைப் படித்த பாப்பெப்ரோக் மபியோனுக்குக் கடிதம் எழுதினார்: தம் கட்டுரை தோல்வியுற்றதை ஒப்புக்கொண்டு, இத்தகைய நூல் பிறக்கத் தம் எழுத்து காரணமாயிற்று என்பதொன்றே தமக்கு மகிழ்ச்சி தருவது என்ற கருத்தை அதில் வெளியிட்டார். தன் கட்சி தோற்றதில் ஒருவன் உண்மையாகவே மகிழக்கூடும் என்பதற்கு, சமய நூல்கள் கூறும் நிஷ்காம்யம் என்பதைவிட வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டிலும் இந்தச் சத்திய உணர்ச்சி கோயிற்பணியின் ஊடே விளங்கியிருக்கிறது. கண்டராதித்தரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவியார், திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்கள் அழிந்துபோகாமல் புதுச் சுவரில் படியெடுத்துப் பொறிக்கச் செய்தார். அப்படிப் பொறித்தவற்றில், "இதுவும் ஒரு பழங்கற்படி" என்ற குறிப்பு காணப்படுகிறது. படியைப் படி என்றே அறிவித்து, மூலம் போலக் காட்டாமல் விட்ட அந்த ஒரு வரியில், இன்று நாம் அடிக்குறிப்பு என்று சொல்வதன் அறம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடியிலும், முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் விமானத்தைப் புதுப்பிக்க ஆணையிட்டு, அங்கிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்திற் படியெடுத்து வைக்கச் செய்ய, இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை மீண்டும் கல்லிலேற்றப்பட்டன. இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளும், முன்னோர் தந்த தானங்களின் வரலாறு ஓர் ஏட்டில், அதைக் காத்தவர்களின் நேர்மையை மட்டுமே நம்பி இருந்தது. அவர்கள் ஒரு பெயரைக் கூட்டியோ ஒரு வேலி நிலத்தைக் குறைத்தோ எழுதியிருந்தால் யார் கண்டிருக்கப் போகிறார்கள்? மாண்ட கொடையாளியின் சார்பில் அந்த ஏட்டைக் காத்தவர்களுக்கு இருந்த பொறுப்பே ஆய்வேடு எழுதும் மாணவனுக்கும் இருக்கிறது.

ஆனால் அற்புதங்களை என் செய்வது என்று கேட்பார்கள். வைகைக் கரையில் பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி பட்டவன் இறைவனே என்று மதுரை மக்கள் இன்றும் ஆவணி மாதத்தில் விழா எடுக்கிறார்கள். ஆராய்ச்சியாளன் அதை மறுக்க வேண்டுமா? மறுக்க அவனிடம் சான்றில்லை. நிறுவவும் அவனிடம் சான்றில்லை. அக்கதையைக் கூறும் நூல்களைக் கால வரிசையில் வைத்து, பெரும்பற்றப்புலியூர் நம்பியின் திருவிளையாடலில் எவ்வாறிருந்தது, கடவுள் மாமுனிவர் பாடிய திருவாதவூரடிகள் புராணத்தில் எவ்வாறாயிற்று, பரஞ்சோதியாரிடம் எவ்வாறு மலர்ந்தது என்று காட்டுவதே அவனுக்குரிய பணி. அந்நூல்கள் வரகுணன் காலத்துக்கு ஆப்த வாக்குகளாகமாட்டா. தத்தம் காலத்து மதுரை எதை நம்பி வணங்கியது என்பதற்கு அவற்றினும் சிறந்த சாட்சிகள் இல்லை. அரிமர்த்தன பாண்டியன் என்று புராணம் சொல்லும் பெயரைக் கல்வெட்டில் எப்படியாவது கண்டுபிடித்து அற்புதத்தை மெய்ப்பிக்கத் துடிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பாசஞானத்தாலும் பசுஞானத்தாலும் பதியை அறிய இயலாது, பதிஞானத்தாலேயே அறியலாகும் என்பது சித்தாந்தத்தின் தெளிந்த கொள்கை. கல்லும் ஓலையும் கருவிகளால் அறியப்படுவன. அவற்றால் வருவது பாசஞானம். திருவருளைக் கல்வெட்டுத் துறையின் சாட்சிக் கூண்டில் ஏற்றி நிரூபிக்க முயல்பவன், தான் போற்ற வந்த சித்தாந்தத்தையே கீழே இறக்கிவிடுகிறான். விழாவில் கண்ணீர் பெருக நின்ற மாணவன், அறைக்குத் திரும்பி, இந்நிகழ்ச்சிக்குச் சமகாலச் சான்று இல்லை என்று தன் ஏட்டில் எழுதினால், அவன் பக்தியிலும் குறைவில்லை, எழுத்திலும் பிழையில்லை.

இந்தப் பயிற்சி இப்போது நம்மிடையே இளைத்துவருகிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒழுங்குமுறைகளால் எம்.ஃபில். பட்டம் நிறுத்தப்பட்டது. அப்படிப்பில் குறைகள் இருந்தன என்பதை அறிவேன். இரவல் ஏடுகள் மலிந்திருந்ததையும் அறிவேன். ஆயினும் முனைவர் பட்டம் என்னும் நீண்ட பயணத்தில் இறங்குமுன், ஒரு சிறு கேள்வியை முழுவதும் தன் பொறுப்பில் ஏற்றுப் பார்க்க ஓர் இளைஞனுக்கு அது இடமளித்தது. இன்று முதுகலையின் கடைசிப் பருவத்தில் அவசரமாக எழுதப்படும் திட்டக் கட்டுரை அந்த இடத்தை நிரப்பாது. வட்டெழுத்தும் கிரந்தமும் சில மாதங்களில் கைவந்துவிடுவனவல்ல. கல்வெட்டு ஆண்டறிக்கையில் உள்ள இரண்டு வரி ஆங்கிலச் சுருக்கத்தையே கல்வெட்டாகக் கொண்டு, மூலத்தையோ அதன் மைப்படியையோ ஒருமுறையும் பாராமல், அரசனின் கொள்கை இன்னது, மக்களின் மனநிலை இன்னது என்று எழுதிச் செல்லும் வழக்கம் பெருகிவிட்டது. காணாததைக் கண்டேன் என்று சொல்வது எல்லாச் சமயங்களிலும் பாவமே. ஆய்வேட்டில் சொன்னால் மட்டும் அது பாவமில்லாமற் போகுமா? நிதியும் காலமும் ஒதுக்குகிறவர்கள், மூலத்தின் முன் உட்கார்ந்து வாசிப்பதற்கு மாணவனுக்கு ஓராண்டையேனும் ஒதுக்கித் தர வேண்டுமென்று நான் மிகவும் விழைகிறேன்.

வாய்மொழித் தேர்வில் வழக்கமாகக் கேட்கப்படும் வினாக்களோடு, எந்தச் சான்று கிடைத்தால் நீ உன் முடிவைக் கைவிடுவாய் என்ற வினாவையும் நான் கேட்பது உண்டு. மாணிக்கவாசகரை ஆராய்ந்த மாணவன் இதற்குத் தயங்காமல் விடை சொல்ல வேண்டும்: ஏழாம் நூற்றாண்டு எழுத்தமைதியுள்ள ஒரு கல்வெட்டில் திருவாதவூரர் பெயரோ திருவாசகம் ஓதுவதற்கு விட்ட நிவந்தமோ கிடைத்தால் என் ஒன்பதாம் நூற்றாண்டை விட்டுவிடுவேன், நாமறிந்த இருவருக்கும் முற்பட்ட வேறொரு வரகுணனைக் காட்டும் செப்பேடு கிடைத்தால் திருக்கோவையார்ச் சான்றை மீண்டும் நிறுத்துப் பார்ப்பேன், அதுவரையில் இதுவே என் முடிவு என்று. அதன்பின், அப்படியொரு கல்வெட்டு கிடைக்கும் நாளில் நீ மகிழ்வாயா, வருந்துவாயா என்றும் கேட்க விரும்புகிறேன். மதிப்பெண் பட்டியலில் அந்த வினாவுக்கு இடம் இல்லை. எனினும் அதற்கு அவன் என்ன விடை சொல்லுகிறான் என்பதை அறியாமல், அவனை மேலும் ஆராய்ச்சிக்குத் தகுந்தவன் என்று எழுதிக் கையொப்பமிட எனக்கு மனம் வருவதில்லை.